எதிரும் புதிருமாகத் தைத்த கொக்கி

தையல்காரிக்கு மகள் என்றால் உயிர். மெஷினுக்குப் பக்கத்தில் துணிக் குவியலின் மேலேயே வளர்ந்த பிள்ளை அது. வீட்டில் வாண்டு என்பார்கள். சோறு ஊட்ட, தலை வார, தூங்க வைக்க, எல்லாவற்றுக்கும் அம்மாதான் வேண்டும், பெற்ற அப்பனைக்கூடக் கிட்டே விடாது. அப்பேர்ப்பட்ட வாண்டு, பள்ளியில் சேர்க்கப் போன அன்று, முன்பின் தெரியாத மிஸ்ஸின் மடியில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அம்மா கூப்பிட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஸ்ஸின் சட்டையில் தோள் இறங்கியிருந்ததை அப்போதே கண்டுபிடித்துவிட்டாள். "சட்டைய அளவாத் தச்சுப் போடத் துப்பில்ல, இவ என் புள்ளைக்குப் பாடம் சொல்லித் தரப் போறாளாம்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே மிஸ் புராணம். பல் துலக்கினால் மிஸ், பால் குடித்தால் மிஸ். பஸ் ஓட்டுகிற புருஷன் சிரித்தான்.

"ஏன்டி, ஒரு டீச்சரம்மாகிட்டயா உனக்குப் போட்டி?"

"போட்டியும் இல்ல, கீட்டியும் இல்ல. புள்ள நாள் முழுக்க அழுமேன்னு கவலையா இருக்குங்க."

பச்சைப் பொய். அழாமல் இருந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய கவலை.

அந்தத் தெருப் பிள்ளைகளின் சீருடைப் பாவாடைக்கெல்லாம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தவள், தன் மகளுடையதற்கு மட்டும் பின்பக்கம் கொக்கி வைத்தாள். அதுவும் ஒன்று இந்தப் பக்கம் பார்க்க, அடுத்தது அந்தப் பக்கம் பார்க்க. தானாகக் கழன்றுவிடக் கூடாத துணிக்குச் செய்கிற வேலை அது. பழகாத கை திண்டாடிப்போகும். ஒன்றுக்கு வந்தால் மிஸ் திணறட்டும், போன் போட்டுக் கூப்பிடட்டும், பள்ளிக்கூடம் அடுத்த தெருதானே, போய் நொடியில் கழற்றிக் காட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அம்மாதான் வேண்டும் என்று பிள்ளை சொல்வதை அந்த மிஸ் காதால் கேட்க வேண்டும்.

முதல் நாள் வாண்டு மருந்துக்குக்கூட அழவில்லை. கையை உதறிவிட்டு மிஸ்ஸிடம் ஓடியது. வாசலில் மற்ற அம்மாக்கள் அழுகிற பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் இவளுக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கால் மிதித்தது, காது போனிலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் அது அடித்தது. பள்ளிக்கூடம்தான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் தவிக்கட்டுமே. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அதையும் விட்டாள். கையிலிருந்த தையலை முடித்து, நூலை அறுத்துவிட்டு, பிறகு நிதானமாகக் கூப்பிட்டாள்.

"இனிமே அவசரம் இல்லம்மா," என்றாள் மிஸ். "மாத்துத்துணி மட்டும் எடுத்துட்டு வாங்க."

மாற்றுத்துணியை அள்ளிக்கொண்டு, செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

மிஸ் குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். கொக்கியோடு மல்லாடியதில் நகம் ஒன்று பிய்ந்திருந்தது. வகுப்புக் கதவுக்குப் பின்னால், யாருடைய துண்டையோ இடுப்பில் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றது வாண்டு. அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் இங்க வரமாட்டேன். மிஸ் வேணாம். நீதான் வேணும்."

இவள் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டவளின் கண் மிஸ்ஸின் பிய்ந்த நகத்துக்குப் போனது.

"என் மேலதாம்மா தப்பு," என்றாள் மிஸ், கையைத் துடைத்தபடி. "எனக்கு அந்தக் கொக்கியக் கழட்டத் தெரியல."

"நீங்க என்ன பண்ணுவீங்க மிஸ். கழட்ட வரக் கூடாதுன்னுதான் நான் அப்படித் தச்சேன். போனையும் வேணும்னுதான் எடுக்கல."

மிஸ்ஸின் முகத்தைப் பார்க்காமலே தையல்காரி பிள்ளைக்கு மாற்றுத்துணியை உடுத்திவிட்டாள்.

"மிஸ்கிட்டப் போம்மா தங்கம். நல்ல மிஸ்."

வாண்டு மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தது. தன் கழுத்திலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்து, மிஸ்ஸின் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.