டாஷ்போர்டுக்குள் ஒரு கை

எங்கள் காரில் ஒரு பல்ப் போய்விட்டது.

ஹெட்லைட் அல்ல. பின்னால் எரியும் சிவப்பு விளக்கும் அல்ல. டாஷ்போர்டின் நடுவில் வட்டமாக ஒரு கடிகாரம் இருக்கிறதே... அதன் முதுகில் ஒளிந்திருக்கும் குட்டி பல்ப். சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியது. எரிகிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

"இதுக்கா இவ்வளவு அலைச்சல்? கையிலதான் வாட்ச் இருக்கே டீச்சர்?" என்று ஹட்டன் டவுனில் பாதிப்பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல நேரமில்லை. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் கார் ஓட்டப் பழகிய கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் அறிவீர்கள். புதியவர்களுக்காகச் சுருக்கமாக — எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தவர். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் பெட்டிக்குள் போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மெஷின் முனகினாலும் தூக்கத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. போன வருடம் பாரிசவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. கால் பாதி திரும்பியது. தடி ஊன்றி நடக்கிறார். கை திரும்பவில்லை.

வேலை போனது. வேலையோடு தோட்டத்துக் குவார்ட்டர்ஸும் போனது. ஹட்டனில் என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். கார் மட்டும் கூடவே வந்தது. அதை யாராவது ஓட்ட வேண்டுமே! நான் ஓட்டுகிறேன்.

மாதம் ஒரு தடவை நாவலப்பிட்டியில் டாக்டரைப் பார்க்கப் போவோம். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வட்டவளைக்கு ஏறுவதற்குள் பனிமூட்டம் ரோட்டை மூடிவிடும். நான் ரோட்டைப் பார்ப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஆறாகப் போகுது... இந்த வளைவ இப்பத் தாண்டினா ஏழுக்குள்ள வீடு. பதறாம ஓட்டு."

இப்படி வழிநெடுக மணி சொல்லிக்கொண்டே வருவார். வருடக்கணக்காக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு, அந்தக் காரில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

கடைசியாகப் போய்த் திரும்பிய அன்று, கினிகத்தேனையைத் தாண்டியதும் கடிகாரம் இருண்டுவிட்டது.

"மணி என்னங்க?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்காமலே வரும் பதில், கேட்டும் வரவில்லை.

"தெரியல."

அவ்வளவுதான். வீடு வரும்வரை அந்தக் காருக்குள் யாரும் பேசவில்லை. இந்தக் காரணம் போதாதா, ஒரு பல்ப் மாற்றுவதற்கு?

கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தலையை ஆட்டினார். "போர்டு முழுக்கக் கழட்டணும் டீச்சர். கையில வேல நெறய இருக்கு. அடுத்த மாசம் கொண்டாங்களேன்."

அடுத்த மாதமா? நான் என்ன, கடிகாரத்துக்குக் கல்யாணமா பேசுகிறேன், மாதம் பார்க்க?

நேரே சலீம் நானாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். சலீம் நானா — முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம் — எங்களுக்குப் பழைய சிநேகிதர். ஸ்டோருக்கு பெல்ட், பேரிங் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். எங்கள் வீட்டுக்காரரும் அவரும் சாமான் பேச ஆரம்பித்து ஊர்க்கதையில் முடிப்பார்கள். நானா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடினார்.

"இறக்குமதிய நிப்பாட்டின பொறகு இதெல்லாம் எங்க வருது டீச்சர்? இருந்தா உங்க அதிர்ஷ்டம்..."

இருந்தது. ஒரே ஒன்று. பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு கேட்டார்.

"மகன் கல்யாணத்துக்கு ஐயா வருவார்தானே? கினிகத்தேனை வீட்டுலதான் சாப்பாடு. நம்ம ஸஹன்ல எனக்குப் பக்கத்துல அவருக்கு எடம் வச்சாச்சு."

"வருவார் நானா!" என்றேன்.

எந்த தைரியத்தில் சொன்னேன்? எனக்கே தெரியாது. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் நடக்கிற வாய்.

விஷயம் என்னவென்றால்... வியாதி வந்த நாளிலிருந்து அவர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. இடது கையால்தான் சாப்பிட வேண்டும் அல்லவா? ஆரம்பத்தில் என் முன்னாலேயே சாப்பிடமாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சொந்தத் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கே போகவில்லை. ஸஹன் சாப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். பெரிய தட்டம் ஒன்றில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். சிநேகிதத்தின் உச்சம் அது.

நானா வீடு தேடி வந்து அழைத்த அன்றே இவர் என்னிடம் சொல்லிவிட்டார். "நாலு பேரு கை வைக்கிற தட்டுல நான் எடது கைய வைக்கிறதா? அதெல்லாம் சரிப்படாது. நீ மட்டும் போயிட்டு வந்துரு."

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. நான் பல்போடு வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

"என்ன அது?"

"கடிகாரத்து பல்ப். நாளைக்கு நானே மாத்தப் போறேன்."

"ஒனக்கு வராது."

"பாத்துக்கிட்டே இருங்க!"

சனிக்கிழமை காலை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினேன். வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். டோர்ச்சை எடுத்துக்கொண்டு, காரின் தரையில் மல்லாந்து, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் தலையை வைத்து மேலே பார்த்தேன். ஐயோ... வயர்கள்! சிவப்பு, பச்சை, கறுப்பு என்று ஒரு கூடை நூடுல்ஸைக் கவிழ்த்த மாதிரி. கடிகாரத்தின் முதுகு எங்கோ உச்சியில் தெரிந்தது. கை எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லெட்சுமியம்மா வந்தார். கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

"ஐயோ டீச்சர்! என்னாச்சுங்க? யாராச்சும் ஓடியாங்களேன்!"

"ஒண்ணும் ஆகலம்மா. பல்ப் மாத்துறேன்."

"காலாலயா?"

வராந்தாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சிரித்த சத்தம் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்டேன். தலையைத் தூக்கியதில் டாஷ்போர்டில் இடித்துக்கொண்டேன். பரவாயில்லை என்று பட்டது.

சிரித்தவர் சும்மா இருப்பாரா?

"பேட்டரி வயரக் கழட்டினியா?"

"இல்லையே..."

"மொதல்ல அதக் கழட்டு. இல்லாட்டி பொசுங்கிப் போயிரும் எல்லாம்."

கழற்றினேன்.

"கீழயிருந்து எட்டாது. எடது பக்கம் சாமான் வைக்கிற பொட்டி இருக்கில்ல, அதுக்குள்ள ஒரு அட்டத் தட்டு இருக்கும். ஸ்குரூவக் கழட்டி அத வெளிய இழு. அந்த ஓட்டைக்குள்ள கைய விட்டா கடிகாரத்துக்குப் பின்னால போகலாம்."

தட்டை இழுத்தேன். வந்தது. பயணி உட்காரும் இடத்தில் அமர்ந்து அந்த ஓட்டைக்குள் வலது கையை விட்டேன். கடிகாரம் வலது பக்கம் இருக்கிறது. வலது கையின் மணிக்கட்டை அந்தப் பக்கமாக வெளியே மடக்க வேண்டும். நீங்களே ஒரு தடவை மடக்கிப் பாருங்கள்... மடங்குகிறதா? எனக்கும் மடங்கவில்லை. விரல் முட்டி மட்டும் நன்றாக உரிந்தது.

சரி, இடது கை. அது அழகாக வளைந்து கடிகாரத்தின் முதுகுக்கே போய்விட்டது. போய் என்ன? பிறந்ததிலிருந்து வலது கைக்கு எடுபிடியாகவே இருந்த கை. தனியாக ஒரு வேலையும் செய்து பழக்கமில்லை. பல்பைப் பிடிக்கிறேன், வழுக்குகிறது. திருகுகிறேன், எந்தப் பக்கம் திருகுகிறேன் என்றே தெரியவில்லை. கண்ணால் பார்க்கவும் வழியில்லை. கராஜ்காரர் சொன்ன 'அடுத்த மாசம்' காதில் ஒலித்தது.

தடியின் சத்தம் நெருங்கி வந்தது. தடி கார்க் கதவருகே வந்து நின்றது.

"எறங்கு."

"இருங்க, இன்னும் ஒரு தடவ..."

"எறங்குன்னா எறங்கு மீனா."

இறங்கினேன். தடியைக் கதவில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். சட்டையின் இடது கையை மடித்துவிடட்டுமா என்று என் விரல்கள் துடித்தன. அதற்குள் அவரே பல்லால் கடித்து மேலே இழுத்துவிட்டார். இடது கையை உள்ளே விட்டார்.

கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டோரில் மெஷின் சத்தம் கேட்கும்போது அப்படித்தான் மூடிக்கொள்வார்.

ஒரு வருடமாக அந்தக் கை தன்னந்தனியாக எவ்வளவு செய்திருக்கிறது! சட்டைப் பொத்தான், சவரக் கத்தி, செருப்பு வார், சோறு... துணைக்கு இன்னொரு கை வரும் என்று அது காத்திருப்பதை விட்டு நாளாகிவிட்டது.

"புடிச்சிட்டேன்" என்றார். "ஹோல்டர் வெளிய வந்திருச்சு... இறுகிப் போயிருக்கு சனியன்... ம்..."

நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில்! நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது என் வாசகர்களுக்குத் தெரியும்.

கை வெளியே வந்தது. உள்ளங்கையில் கறுத்துப்போன பல்ப்.

"புதுச கொண்டா."

பஞ்சைப் பிரித்துக் கொடுத்தேன். கை மறுபடி உள்ளே போனது. பாதி வழியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்ப் நழுவி எங்கோ விழுந்துவிட்டது. ஹட்டனிலேயே இருந்த ஒரே ஒரு பல்ப்! அவர் முகம் சுண்டிவிட்டது. கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தார்.

"என்ன சொன்னீங்க? எனக்கு வராதுன்னுதான் சொன்னீங்க. ஒங்களுக்கு வராதுன்னு சொல்லவே இல்லையே!"

டோர்ச்சோடு மண்டியிட்டேன். கால் மிதியடியின் மடிப்பில் கிடந்தது. உடையவில்லை. சேலையில் துடைத்து நீட்டினேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை மெதுவாக, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு...

"பேட்டரியப் போடு."

போட்டேன். பேட்டரி இல்லாமல் நின்றிருந்த முள்ளை அவர் திருப்பிச் சரிசெய்தார். வந்து பார்த்தால், பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சால்வையை எடுத்து டாஷ்போர்டின் மேல் போட்டு, இரண்டு பேரும் அதற்குள் தலையை நுழைத்துப் பார்த்தோம்.

எரிந்தது! வெளிறிய பச்சையில், முள்ளும் எண்ணும் பளிச்சென்று.

"மணி பத்து" என்றார். சால்வைக்குள் அவர் குரல் பழைய குரலாக இருந்தது. நாங்கள் உடனே வெளியே வரவில்லை. லெட்சுமியம்மா வேலிப்பக்கம் நின்று இதையும் பார்த்திருக்கிறார். அவர் என்ன நினைத்தாரோ, நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"நானா வீட்டுக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்? வெள்ளச் சட்டய எடுத்து வையி."

கினிகத்தேனையில் கல்யாண வீடு நிறைந்திருந்தது. சலீம் நானா வாசலுக்கே ஓடிவந்து இவரைத் தோளோடு அணைத்து முன்னறைக்கு அழைத்துப் போனார். பெண்களுக்கு உள்வீட்டில் சாப்பாடு. என்னை அங்கே அழைத்துப் போய்விட்டார்கள். இடையில் ஒரு திரை.

அந்தத் திரையை அன்று நான் பார்த்த மாதிரி எந்தப் பரீட்சைத் தாளையும் பார்த்ததில்லை. உட்கார்ந்திருப்பாரா? எழுந்திருப்பாரா? யாராவது முகம் சுளித்திருப்பார்களா? நானாவின் மனைவி என் பக்கம் இறைச்சியாகத் தள்ளுகிறார். எனக்கு இறங்கவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். இவர் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இடது கை விரலெல்லாம் நெய் மினுமினுப்பு.

"சாப்பிட்டீங்களா?"

"ஒக்காந்ததும் ஒரு ஆளு என் கையப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தேன். அதுக்குள்ள நானா ஒரு துண்டு எறச்சிய எடுத்து என் பக்கம் வச்சு, 'தின்னுங்க ஐயா, ஆறிடும்'னாரு. தின்னேன். கடைசியில வந்த இனிப்பு வட்டிலாப்பம் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினேன்."

நோயாளிக்கு உதவி என்று சொல்லி அவர் கையிலிருந்து வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். பொத்தானை நாம் போடுகிறோம், பாண் ரொட்டியை நாம் வெட்டிக் கொடுக்கிறோம். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் சிரமமான ஒரு வேலையை அவர் பக்கம் விட்டுவைப்பதும் அன்புதானே? டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் அது இருப்பதில்லை. வீட்டிலிருப்பவர்கள்தான் தேடிக்கொடுக்க வேண்டும்.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கூடத்து மேசையில் எங்கள் ரேடியோ துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் அவர், வாயில் ஒரு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு. அந்த ரேடியோவுக்கு எந்தக் கோளாறும் கிடையாது. காலையில்கூட நன்றாகப் பாடியது.

நான் தேநீர் போடப் போய்விட்டேன்.