முழு மதிப்பெண் வாங்கிய மறுப்பு

ஒசாகாவிலிருந்து எங்கள் தையல் ஊசிக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆயிரம் மேலாளர்களையும் உருவாக்கியது நான்தான். சரி, ஆயிரம் கொஞ்சம் அதிகம். நாற்பத்திரண்டு பேர்.

ஆள் எடுக்கும் முறை இதுதான்: இருபது வருஷமாக எதையும் மறுத்துப் பேசாதவராகப் பார்த்துப் பொறுக்குவார்கள். பொறுக்கியபின், வெளிநாட்டாரிடம் மறுத்துப் பேசக் கற்றுக்கொடு என்று என்னிடம் தள்ளிவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் விற்பனைப் பிரிவு இசோகாய். பிடிக்காததைக் கேட்டால் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக் கழுத்தைச் சாய்ப்பார். எங்கள் ஊரில் மறுப்புக்கு அது போதும். அவரை அனுப்பவிருந்த ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பல்வலி என்று மாத்திரை கொடுப்பார்கள்.

"வாயைத் திறந்து 'முடியாது'ன்னு சொல்லுங்க, இசோகாய்."

"அது வந்து... கொஞ்சம் கஷ்டமா இருக்குமோன்னு..."

"சரி, உங்க கோட்டைக் கழட்டிக் குடுங்க பார்ப்போம்."

கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று மாதப் பயிற்சியில் எனக்குக் கோட்டுக்குப் பஞ்சமே இல்லை.

மனிதருக்கோ போக விருப்பமில்லை. பிப்ரவரியில் மகளுக்கு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. பள்ளி வாசல்வரை கூட வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

என் பயிற்சியின் கடைசித் தேர்வு இயக்குநர் ஹிராத்சுகாவின் அறையில். எந்தக் கூட்டத்திலும் அவர் கண்ணை மூடியே இருப்பார். யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. மூடிய கண்ணோடே கேட்டார்: "ஜனவரியில ஹாம்பர்க் போறீரா?"

"முடியாது!"

மேல்மாடியில் இருந்த எனக்கே கேட்டது. இயக்குநர் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

"பிரமாதம்! இப்படிப்பட்ட ஆளைத்தானய்யா தேடிட்டிருந்தேன்!"

முழு மதிப்பெண். ஜனவரியிலேயே இசோகாயை விமானம் ஏற்றிவிட்டார்கள். என் பயிற்சிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். எதிரே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இசோகாயின் மனைவி ஃபுமியே நிமிர்ந்தாள்.

"டீச்சரம்மா, அவரு அன்னிக்கும் பல்லிடுக்குல காத்தைத்தான் உறிஞ்சினாரு. மறந்துட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் குடுக்கலாம்னு வந்து கதவுகிட்ட நின்னேன். கத்தினது நான். பெரியவரு கேள்வி கேட்டதுமே மறுபடி தூங்கிட்டாரு, அவருக்கு எந்தக் குரல்னு என்ன தெரியும்? மார்க் வாங்கினது நான், பிளேன் ஏறினது அவரு. பொண்ணைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். அதையும் எழுதுங்க."