சட்டியின் பெயர்

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு கேன்டீன் சூப்பர்வைசர் இருந்தார். தொப்பை குலுங்கச் சிரிப்பார். யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மெஷின் பொருத்த வந்த ஸ்பெயின்காரர் ஒருநாள், தங்கள் ஊர்ச் சோறான 'பயேயா'வுக்கு அதைச் சமைக்கும் அகலச் சட்டியின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்றார். அன்றிலிருந்து சட்டி தேய்க்கிற பெண்ணை சூப்பர்வைசர் "ஏய் பயேயா" என்றுதான் கூப்பிட்டார்.

பிறகொரு நாள் கொதிக்கிற எண்ணெய் அவள் கையில் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டாள்.

"பயேயான்னு எழுதிக்கம்மா," என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

"என் பேரு மேரிங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இத்தினி நாளா பயேயான்னா திரும்பிப் பாத்துகினு இருந்தே, இப்போ இன்னா மேரி?"

எண்ணெய் கொட்டியதும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவரும் அவரேதான். அந்த மனிதரை எனக்கு இன்றுவரை புரியவில்லை.