மின்னோணுமுங்க

பீளமேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில், இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை போட்ட அந்தப் பெரியவர், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எழுந்து தள்ளிப் போய்விடுவார். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்மருந்து ஏற்றியபோது, தன் உடம்பிலிருந்து கதிர் மற்றவர்மேல் படக்கூடாதென்று வந்த பழக்கமாம். மாதக்கணக்காகியும் விடவில்லை. அதே நோய்க்கு அதே மருந்தை ஏற்றலாமா என்று கேட்க, அப்பாவின் ஸ்கேனோடு நானும் அங்கே காத்திருந்தேன்.

“ஏனுங்க அம்மணி, அப்பாவுக்கு ஸ்கேன்ல கட்டி மின்னுச்சுங்களா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ஒண்ணுகூட மின்னலீங்க,” என்றேன் நிம்மதியாக.

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“மின்னோணுமுங்க கண்ணு. புத்துநோய் செல்லு மேல என்சைம்னு ஒண்ணு ஒட்டியிருக்குமாமா. அது இருந்தாத்தான் மின்னுமுங்க. இந்தக் கதிர்மருந்தும் அதைப் புடிச்சுத்தான் உள்ள போகுமுங்க.”

 அவர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.