நான் படிக்காத மஞ்சள் பலகை

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மதியம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனாரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. நீலகிரியில் இந்திய நேரம் காலை ஒன்பதரைக்கு மண் சரிந்து சில வீடுகள் புதைந்திருக்கலாம் என்று போட்டிருந்தது. கீழே ஒரு கேள்வி: “உன் மகள் அங்கதானே இருக்கா?”

அங்கேதான் இருந்தாள். கிளமெண்டி பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், மலை விவசாயிகளுக்கு அரசு தரும் மானியம் பற்றிய ஆய்வுக்காக மூன்று வாரம் போயிருந்தாள். சரிவான நிலத்தில் மழை மண்ணை அரித்துப் போகாமலிருக்கக் கல்வரப்பு கட்டுவார்கள். அதற்குத்தான் மானியம். வரப்புகளை அளந்து, விவசாயிகளிடம் பேசி எழுதுவது அவள் வேலை. “கல்லு அடுக்கறதைப் பார்க்கவா உன்னைப் படிக்க வைக்கிறோம்?” என்று கிளம்பும்போதே கடிந்துகொண்டேன். அந்தக் கோபத்தில் அவள் தங்கும் ஊரின் பெயரைக்கூடக் காதில் வாங்கவில்லை.

அவளை அழைத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. கூடப் போன ஆசிரியருக்கும் கிடைக்கவில்லை. சாங்கியில் வேலையில் இருந்த கணவரிடம் சொன்னேன்.

“டென்ஷன் ஆகாத லா. மலையில லைன் அப்படித்தான்,” என்றார். அவர் குரலே சரியில்லை. “எந்த ஊருன்னு சொன்னா?”

“அதைக் கேட்டுக்கவே இல்லைங்க,” என்றேன்.

கையிலிருந்த கேரட் கீழே உருண்டது. கடையில் வேலை பார்ப்பவர் வந்து எடுத்தார். பல வருடமாக அவரிடம்தான் வாங்குகிறேன். ‘இது நேத்து சரக்குதானே’ என்பதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை.

“என்னக்கா, முகமே சரியில்ல?”

சொன்னேன். அவர் முகமும் மாறியது. “நானும் அந்த மலைதான்க்கா. எந்த ஊரு?”

தெரியாது என்று சொல்ல நாக்கு கூசியது. இரண்டு நாளைக்கு முன் மகள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். மழையில் தொப்பி போடாமல் நிற்கிறாயே என்று நான் திட்டிப் பதில் போட்ட படம். அவர் அதைப் பெரிதாக்கினார். பின்னால் கல்வரப்பின் மேல் ஒரு மஞ்சள் பலகை. மானியத்தில் கட்டிய வரப்பில் விவசாயியின் பெயரும் ஊரும் எழுதி வைக்க வேண்டுமாம்.

“எங்க பக்கத்து ஊருக்கா.”

உடனே மனைவிக்கு அழைத்தார். அவர்கள் நிலத்தை ஊரில் மனைவிதான் பார்த்துக்கொள்கிறார். அந்த எண்ணும் கிடைக்கவில்லை. அவருக்கும் அங்கே ஆள் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். வரப்பு வளர வளர, நேரமும் இடமும் பதிந்த படத்தை விவசாயிகள் அதில் போட்டால்தான் அதிகாரி நம்புவார், மானியம் வரும். அன்றைய கடைசிப் படத்தில் அளவு நாடாவின் ஒரு முனையை ஒரு விவசாயி பிடித்திருந்தார். மறு முனையில் என் மகள். ஓரத்தில் நேரம்: காலை 8.50.

மண் சரிவதற்கு நாற்பது நிமிடம் முன்பு.

அவர் தங்கள் மலை மக்களின் மொழியில் ஏதோ பேசிப் பதிந்து குழுவில் அனுப்பினார். காத்திருந்தோம். யாரோ வெண்டைக்காய் கேட்டார்கள். நிறுத்துக் கொடுத்தார், கண் கைப்பேசியிலேயே இருந்தது. நான் காய்கறிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கைப்பேசி ஒலித்தது. ஒரு பள்ளிக்கூட வராந்தா, பத்துப் பதினைந்து பேர், நடுவில் முழங்கால்வரை சேறோடு என் மகள். கையில் இன்னும் அந்த நாடா. நேரம் 11.42.

அவர் மூலையிலிருந்த ஒரு பெண்ணை விரலால் தொட்டார். “இது நம்ம வீட்டுக்காரி.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். “ஆபீசருக்குக் காட்டற மாதிரியே வரிசையா நிக்க வச்சு எடுத்திருக்காங்க பாருங்கக்கா!”

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது.

சாயங்காலம் மகள் அழைத்தாள். “முதல் வரப்பு போயிடுச்சும்மா. ரெண்டாவது கொஞ்ச நேரம் பிடிச்சு நின்னுச்சு. அதுக்குள்ள ஓடி வந்துட்டோம்.”

“யாரோட வரப்பும்மா அது?” என்று கேட்டேன். அவள் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இப்போதும் மழைச் செய்தி கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் பலகையைப் படிக்காமல் தொப்பியை மட்டும் தேடிய அம்மாவாக இருந்தேனே என்பதுதான் அதைவிட அதிகமாக உறுத்துகிறது.