கடவுளோடு வழக்காடும் கவிதைகளும் நான் போட்ட கையெழுத்தும்

பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் ஒரு காலையில், "நீங்க இங்கிலீஷ் வேதமா?" என்று கேட்டார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வேதம் என்றால் பைபிள். இங்கிலீஷ் பைபிள் படிப்பேனா என்கிறார் என நினைத்து, ஆமாம் என்றேன். புதுச்சேரியில் வேதம் என்றால் மதம்; இங்கிலீஷ் வேதம் என்றால் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கரான அவர் மறுநாள் முதல் எங்கள் வாசலில் கூடையை இறக்கவில்லை.

புராட்டஸ்டண்ட் உபதேசியாரின் மகனான நான், பிரெஞ்சுக்காரர் ஆளும் இந்த ஊருக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்தவன். என்னிடம் படித்தவர்களில் ஒருவர் சவரிநாதன், 'மெரி' என்கிற நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் தங்கை லூர்துவைக் கடலூரில் எங்கள் சபையில் மணந்தேன். அந்தத் திருமணம் செல்லாது என்று அவளுடைய கத்தோலிக்கக் கோயில் அவளுக்கு நற்கருணையை மறுத்தது.

மணத்துக்கு முன்பு, பழைய இங்கிலீஷ் பக்திக் கவிதைகளை நடத்தும்போது சவரிநாதன் கேட்டார்: "சாமிகிட்ட எதுக்கு சார் இப்பிடி சண்டை புடிக்கிறாங்க?"

"அது கவிதை அலங்காரம்" என்றேன்.

இங்கிலாந்தின் சரித்திரம் எனக்குப் பாடமாகத் தெரியும். அரியணை மாறினால் ஜெபமும் மாறியது. ஒரு ஆட்சியில் புராட்டஸ்டண்டுகள் நெருப்பில் நின்றார்கள். அடுத்த ஆட்சியில் குருவை ஒளித்துவைத்த கத்தோலிக்கர்கள் தூக்கில் தொங்கினார்கள். உயிருக்கு அஞ்சி மதம் மாறியவர்களும் இருந்தார்கள். எல்லாத் தரப்பிலும் கவிதை எழுதினார்கள்.

போன மழைக்காலத்தில் லூர்துவுக்கு டைபாய்டு கண்டது. மூன்றாம் வாரம் வைத்தியர் கைவிரித்தார்.

"கோயில் சாமியார் வரணும்ங்க. பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம நான் போவ மாட்டேன்" என்றாள்.

சவரிநாதன் கோயிலுக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். எங்கள் நான்கு வயது மகளைக் கத்தோலிக்கப் பெண்ணாகவே வளர்ப்பேன் என்று நான் உறுதி தரவேண்டும். அதன்பின் திருமணத்தைச் செல்லுபடியாக்கி சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் தருவார்கள். கையெழுத்திட்டால் அப்பாவின் வீட்டு வாசல் எனக்கு அடைபடும்.

"மச்சான், அவ கண்ணப் பாருங்க" என்றார் சவரிநாதன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

கையெழுத்திட்டேன். சாமியார் வந்தார். மறுநாள் நண்பகலில் அவள் அமைதியாகப் போனாள். என் அமைதியும் அவளோடு போயிற்று.

அப்பா ஒரு வரிதான் எழுதினார்: 'உன் பிள்ளையை விற்றுவிட்டாய்.' அன்று வகுப்பில் அதே கவிதைகளைத் திறந்தேன். அவற்றில் அலங்காரம் எதுவும் இல்லை. நேசித்தவர்களில் யாரையாவது காட்டிக்கொடுக்காமல் எந்தப் பக்கமும் நிற்கமுடியாதவர்கள், மனிதரிடம் சொல்ல வழியின்றிக் கடவுளின் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். நானும் பிடிக்கிறேன்.

ஞாயிறுதோறும் மகளைக் கோயில்வரை அழைத்துப் போகிறேன். போன வாரம் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டுத் தனக்குச் சிலுவை போட்டவள், "குனிங்கப்பா" என்று என் நெற்றியிலும் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். துடைக்கக் கை எழவில்லை. பின்னால் போகக் காலும் எழவில்லை. வெயிலில் அந்த ஈரம் காயும்வரை படியிலேயே நின்றேன்.