ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

பீப்... பீப்... பீப்...

தரையில் தண்ணீர் கசிந்தால் மட்டும் அடிக்கிற அலாரம் அது. ஓடிப்போய்க் குனிந்து தடவினேன். தண்ணீர் இல்லை. விரலில் ஒட்டியது வேறு ஏதோ... கறுப்பாக, வழவழவென்று, சளி மாதிரி. அதில் இரண்டு மீன் செதில்கள்.

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. என் மூக்கே சாட்சி. இன்றுவரை என்னால் மீன் சாப்பிட முடியவில்லை.

அப்போது பிற்பகல் மூன்று மணி. துருவத்தை நெருங்கிய வடக்கு ஊர் எங்களுடையது, ஜனவரியில் அந்த நேரத்துக்கே இருட்டிக்கொண்டு வரும். பழைய காகித ஆலையின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் சூப்பர் கம்ப்யூட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் உறைந்த ஏரி. உள்ளே நானும் ஓஸ்குவும் மட்டும்.

ஓஸ்கு என்னோடு பத்து வருடமாக வேலை பார்ப்பவன். அவன் மனைவி காய்சு, ஏரி உறைந்ததும் அதன் மேலேயே போடுகிற குளிர்காலச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். பருவத்தின் முதல் வண்டி எப்போதும் அவளுடையதுதான். பனிக்கட்டி தாங்குமா என்று கணக்குப் போட்டு நாங்கள் சொன்ன பிறகுதான் அவள் இறங்குவாள். தப்பாகச் சொன்னால்... அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. ஏரியை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு ப்ராசஸர் கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றும் தன் ஓரத்தில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று பக்கத்துக் கட்டத்துக்குச் செய்தி அனுப்பும். பதிலுக்கு நிற்காது, தன் வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மட்டும் நின்று, தனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்கும். வராவிட்டால் நின்றது நின்றபடியே கிடக்கும்.

அன்று 212-ஆம் கட்டம் நின்றுவிட்டது. ஏரி குறுகுகிற ஹவுக்கிசல்மி என்ற இடம் அது. பக்கத்துக் கட்டமான 213-இலிருந்து செய்தி வரவில்லை.

"ஹில்க்கா, உன் புரோகிராம் செத்துப்போச்சு."

"சாகல. காத்துக்கிட்டு இருக்கு."

"என் பொண்டாட்டியும் வண்டியில காத்துக்கிட்டுதான் இருக்கா. அவளுக்குப் பொறுமை கிடையாது, தெரியும்ல?"

"உன்னைக் கட்டிக்கிட்டதுலயே அவ பொறுமையெல்லாம் தீர்ந்துபோச்சு. சும்மா இரு."

பழுதைத் தேட நேரமில்லை. எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. அதைச் செய்தேன். '213-இடமிருந்து வாங்கு' என்றிருந்த வரியை அழித்து, 'யாரிடமிருந்து வந்தாலும் வாங்கு' என்று மாற்றினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு, வருகிறவன் முகத்தைப் பார்க்காமல் உட்காரவைப்பது போல.

மூன்று பத்துக்கு மறுபடி ஓட்டினேன்.

உடனே ஓடியது.

"அறுபத்து நாலு சென்டிமீட்டர்!" ஓஸ்கு கைதட்டினான். "நாப்பது இருந்தாலே போதும். லாரியே போகலாம்." கையோடு காய்சுவுக்குப் போன் அடித்தான். "கெளம்புடி, ராணி மாதிரி போ."

நான் காபியை எடுத்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. நாங்கள் பால் விடுவதே இல்லை. விரலால் ஒதுக்கினேன். அது ஆடை இல்லை. தோல்... ஊறி உரிந்த தோல்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. ஏரிச் சேறும், வெயிலில் கிடந்த மீன் குடலும், ஈரத் துணியும் சேர்ந்த நாற்றம். ஏரித் தண்ணீரால் கம்ப்யூட்டரைக் குளிரவைக்கும் குழாய்ப் பக்கமிருந்து வெதுவெதுப்பாக வந்து முகத்தில் அப்பியது. வாய்க்கு வேறு ருசி வேண்டி ஏலக்காய் பன்னைக் கடித்தேன். நாக்கில் ஏதோ சுற்றியது. இழுத்தேன்.

முடி.

வந்துகொண்டே இருந்தது. நீளமாக, சேற்றோடு.

குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். 212-ஆம் கட்டத்துக்கு வந்த எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

64... 64... 64... 64...

பனிக்கட்டி ஒரே அளவில் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் துளியாவது மாறும்.

"ஓஸ்கு, இதை யார் அனுப்புறாங்க?"

"213-தான். வேற யாரு?"

அனுப்புகிறவர் எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தேன்.

512.

நாங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள். கடைசி ஆள் 511. ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று ஒருவரும் கிடையாது.

ஓஸ்குவின் முகம் வெளுத்தது. போனை எடுத்தான்.

மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை.

மறுபடியும்.

எடுக்கவில்லை.

குழாய்க்குள் ஏதோ 'களக்... களக்...' என்று விழுங்கியது.

மூன்று முப்பத்தொன்று. அவளே கூப்பிட்டாள்.

"ஓஸ்கு... வண்டிக்குள்ள தாங்க முடியாத நாத்தம். எதுவோ அழுகிக் கிடக்கு. கொமட்டிக்கிட்டு வந்துச்சு, இறங்கி ஓடி வந்து வாந்தி எடுத்தேன். போனை வண்டியிலயே விட்டுட்டேன்னு நெனச்சேன், கோட்டுப் பைக்குள்ள..."

"எங்க நிக்கிற?"

"ஹவுக்கிசல்மி. வண்டி அம்பதடி முன்னாடி..."

'டப்' என்றது. துப்பாக்கி வெடித்தது போல.

பிறகு அவள் மூச்சு மட்டும்.

"காய்சு!"

"வண்டி... முங்குது, ஓஸ்கு."

"திரும்பு! வந்த தடத்துலயே நட! ஓடாத!"

நடந்தாள். கரையேறினாள். அவளைக் காப்பாற்றியது அந்த நாற்றம்தான். ஆனால் அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அங்கே துளையிட்டு அளந்தார்கள். ஒன்பது சென்டிமீட்டர்.

புரோகிராமை நான் கொல்லவில்லை. ஓட்டத்தை நிறுத்தி அப்படியே வைத்திருந்தேன். சனிக்கிழமை மாலை, செய்திகளைக் கொண்டுசேர்க்கும் மென்பொருளைப் பராமரிக்கும் ஆர்விட், துர்க்கு நகரத்தில் இருந்தபடியே அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கேட்காமல் வந்து நிற்கும் செய்திகளை அந்த மென்பொருள் தூக்கி எறியாது. வாங்க ஆள் வரும்வரை வரிசையில் நிறுத்திவைக்கும்.

"512 அனுப்பினது இன்னும் ஏழு நிக்குதும்மா," என்றார். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கட்டத்துக்கு. எல்லாத்துலயும் அதே அறுபத்து நாலு."

கட்ட எண்களை எழுதி, ஏரி வரைபடத்தோடு ஓஸ்கு முன்னால் வைத்தேன். ஹவுக்கிசல்மியிலிருந்து கரையைப் பார்த்து ஒரே கோடாக வந்தன. அவன் விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது.

ஏழாவதில் நின்றது.

"ஹில்க்கா... இது எங்க படகுத்துறை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா சவுனால நீராவிக் குளியல் முடிச்சுட்டு காய்சு முங்குற ஐஸ் ஓட்டை இங்கதான் இருக்கு."